உள்ளங்கை தவறுதலாகப் படும்போது

திரையில் அந்தப் பெட்டி மறுபடியும் வந்துவிட்டது. வேறெங்காவது வந்து தொலைத்தாலும் பரவாயில்லை, சரியாக மணப்பெண்ணின் கொலுசு மேலேயே வந்து உட்காருகிறது. டச்பேடுக்குப் புது ஃபர்ம்வேர் வந்திருக்கிறதாம். இப்போதே போடவா, நாளைக்கு ஞாபகப்படுத்தவா, வேண்டாமா என்று கேட்கிறது. காலையிலிருந்து நான் எந்தப் பதிலும் சொல்லவில்லை. பெட்டியைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக் கொலுசின் முத்துகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். இந்தப் பெண்ணை மண்டபத்து ஜமுக்காளத்திலிருந்து வெட்டியெடுத்து ஒரு தாமரைக் குளத்தின் படிக்கட்டில் உட்காரவைக்க வேண்டும். குளம் மாப்பிள்ளை வீட்டாரின் ஆசை. அவினாசி ரோட்டு மண்டபத்தில் நடந்த கல்யாணத்துக்குத் தாமரைக் குளம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்பதில்லை, கல்யாண ஆல்பம் போடுகிறவள் அதையெல்லாம் கேட்டால் பிழைப்பு நடக்காது. பூவைக் கேட்டால் பூ, மயிலைக் கேட்டால் மயில். ஆனால் கொலுசை மட்டும் நான் ஏமாற்றமாட்டேன். மற்றவர்கள் பாதத்தை ஒரே இழுப்பில் வெட்டி, ஓரத்தை மங்கலாக்கி, போதும் என்று விட்டுவிடுவார்கள். நான் முத்து முத்தாகப் போவேன். இந்தப் பெண் என்றாவது ஒருநாள் இந்த ஆல்பத்தைத் திறந்து தன் காலைப் பார்ப்பாள். அப்போது கால் அவளுடையதாக இருக்க வேண்டும். கர்சர் அம்பு நன்றாகத்தான் போகிறது இப்போது. போகும்போதெல்லாம் நன்றாகத்தான் போகிறது.

நிற்கும்போதுதான் உயிர் போகிறது. ஒரு மாதமாக இப்படி. பாதி வேலையில் அம்பு திரையில் நின்றுவிடும், தேய்த்தாலும் தட்டினாலும் அசையாது. அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும், அதற்குள் சேமிக்காமல் விட்டது எல்லாம் போய்விடும். போன வாரம் ஒரு மணப்பெண்ணின் கூந்தல் முழுக்கப் போயிற்று, மல்லிகைச் சரம் வைத்த கூந்தல், அதை முடி முடியாகப் பிரித்தெடுத்திருந்தேன். நான் அன்றைக்கு அழவில்லை, அடுப்பில் இருந்த பாலை வழியவிட்டேன், அவ்வளவுதான். ஆல்பம் லேப் தாமோதரனுக்கு இவ்வளவு தெரியாது, அம்பு நிற்கிறது, அப்டேட் கேட்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தேன். காந்திபுரத்தில் அவருடைய லேப், கணபதி ஏரியாவில் என் வீடு, இடையில் ஒரு பஸ்தான், ஆனாலும் இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. படங்கள் இணையத்தில் வரும், ஆல்பம் இணையத்தில் போகும், நடுவில் அவர் குரல். காலையில் அந்தக் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. "அம்மணி, மாப்ள வீட்டுக்காரங்க சாயங்காலம் வந்து நிப்பாங்க, பிரிண்டுக்கு அனுப்போணும். ஒரு அப்டேட் போடறதுக்கு என்னங்க இத்தன யோசன? நமக்கு ஆல்பம் போடற பவித்ராவும் இதே லேப்டாப்புதான் வெச்சிருக்குது, அதுக்கு நானே போட்டுக் குடுத்தேன், டீ குடிக்கற நேரங்கூட ஆகல. உங்களுக்கு முடியலீன்னாச் சொல்லிருங்க. இனிமேட்டுக்குப் பெரிய ஆல்பமெல்லாம் அந்தப் புள்ளகிட்டயே குடுத்துக்கறேன்." கோபமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். பார்க்கறேனுங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

பார்த்தாயிற்று. எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. இந்த ஃபர்ம்வேர் என்றால் என்ன என்று லேப்டாப் கம்பெனி உதவி எண்ணில் பேசும் ரெக்ஸிடம் நேற்றே கேட்டேன். நல்ல பையன், சலித்துக்கொள்ளாமல் பேசினான். "மேடம், அந்த டச்பேடுக்குள்ள ஒரு குட்டி மூளை இருக்கு. அதுக்குப் புதுப் பாடம் சொல்லிக் குடுக்குறோம், அவ்ளோதான்." பழைய பாடத்தை மறந்துவிடுமா என்றேன். "ஆமா மேடம். ஒரு தடவை போட்டுட்டா பழசுக்குத் திரும்ப முடியாது. ஏன் கேக்குறீங்க?" சும்மா என்றேன். சும்மா இல்லை. பெட்டியில் 'என்ன மாற்றங்கள்' என்று ஒரு வரி இருக்கிறது, யாரும் தொடாத வரி, அதைத் தொட்டுப் படித்திருந்தேன். முதல் மாற்றம், அம்பு நின்றுபோவது சரிசெய்யப்பட்டது. அப்பாடா. இரண்டாவது மாற்றம், உள்ளங்கை தவறுதலாகப் படும்போது அதைக் கண்டுகொள்ளாமல் விடும் திறன் கூட்டப்பட்டிருக்கிறது. அதாவது விரலை விரல் என்றும் உள்ளங்கையை உள்ளங்கை என்றும் இனிமேல் அதற்கு நன்றாகத் தெரியும். விரல் பட்டால் வேலை, உள்ளங்கை பட்டால் தவறு. தவறுதலாக என்ற சொல்லை நேற்றிலிருந்து மென்றுகொண்டிருக்கிறேன், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. என் உள்ளங்கை எங்கேயும் தவறுதலாகப் பட்டதில்லை. படுவதற்கு என்னிடம் இருப்பதே அதுதான்.

வலது கையில் எனக்கு விரல்கள் கிடையாது. பிறக்கும்போதே கிடையாது. மணிக்கட்டு இருக்கிறது, அதற்கு மேல் உள்ளங்கை, அத்தோடு முடிந்தது. விபத்தா, மிஷினில் சிக்கியதா, பட்டாசா என்று ஆளாளுக்கு ஒரு கதையை எதிர்பார்ப்பார்கள், கதை ஏதுமில்லை என்றதும் அவர்கள் முகம் வாடும். அம்மா கிரகணத்தைக் குறை சொன்னாள், அப்பா அம்மாவைக் குறை சொன்னார். நான் யாரையும் சொல்லவில்லை, எனக்கு இது கை, வேறு மாதிரி ஒரு கை எனக்கு இருந்ததேயில்லை. ஆனால் ஊருக்கு இருந்தது. மளிகைக் கடையில் இடது கையை நீட்டினால், "ஒரட்டாங்கையில நீட்டாத புள்ள, சோத்தாங்கையில குடு" என்பார் கடைக்காரர். சோத்தாங்கையைக் காட்டினால் பார்வையைத் திருப்பிக்கொண்டு, சரி சரி, அதுலயே குடு என்பார். இரண்டும் தப்பு. கோயிலில் விபூதி வாங்கும்போது வலது கையை மேலே வைத்து இடது கையை அடியில் கொடுத்துக்கொள் என்று அம்மா பழக்கிவைத்தாள், விபூதி அந்த மேட்டில் நிற்காமல் வழிந்து கீழே இருக்கும் கைக்குத்தான் வரும், ஆனாலும் வலது கையில் வாங்கியதாகக் கணக்கு. பந்தியில் நான் இடது கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்து எதிர் வரிசைக்காரி ஒருத்தி இலையை மூடிவிட்டு எழுந்துபோனாள். நான் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன், எனக்குப் பாயசம் பிடிக்காது. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள், என் விஷயத்தில் கொடுப்பதும் வாங்குவதும் எழுதுவதும் துவைப்பதும் துடைப்பதும் எல்லாம் இடக்கைதான். வலக்கை முந்தானைக்குள் விருந்தாளியாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. அம்மா எனக்கு எடுக்கும் தாவணியெல்லாம் ஒரு முழம் நீளமாகவே இருக்கும்.

கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போனதுகூட வீட்டில் சும்மா இருக்கிறாளே என்றுதான். அங்கே மேசைக் கம்ப்யூட்டருக்கெல்லாம் மவுஸ், அதை எப்படிப் பிடித்தாலும் வலது கைக்குள் நிற்காமல் வழுக்கும், இடது கையில் பிடித்தால் கீபோர்டுக்கு ஆள் இல்லை. படத்தை வெட்டும் வேலை என்பது ஒரு கை வேலை அல்ல. ஒரு கை அம்பை நகர்த்திக்கொண்டே இருக்க, இன்னொரு கை சாவிகளில் பெரிதாக்கு, சிறிதாக்கு, ஒரு படி பின்னால் போ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், தறியில் காலும் கையும் சேர்ந்து போகிற மாதிரி. உனக்கு இது ஒத்துவராது, டேட்டா என்ட்ரி படி என்றார் வாத்தியார். அன்றைக்கு ஒரு கம்ப்யூட்டர் கெட்டுப்போய், தன் லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனார். அதில் டச்பேட். சும்மாதான் வலது கையை அதன் மேல் வைத்தேன், வைப்பதற்கு வேறு இடம் இல்லாததால் வைத்தேன் என்றுகூடச் சொல்லலாம். அம்பு ஓடியது. நான் தள்ளிய பக்கம் ஓடியது. கையின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினால் நின்றது, ஓரத்தால் தட்டினால் திறந்தது. வாத்தியார் திரும்பி வரும்வரை நான் கையை எடுக்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் வலது கைக்கு ஒரு வேலை. அது சொன்னதை ஒன்று கேட்டது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்துபோகும்போது முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அதன் பிறகு யாருக்காகவும் அதை இறக்கவில்லை. அதற்குப் பின் மூன்று லேப்டாப் மாற்றிவிட்டேன், ஒவ்வொன்றையும் கடையில் வாங்கும் முன் என் கையை வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர்கள் மெமரி எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள், நான் தடவிக்கொண்டிருப்பேன்.

மவுஸ் டப்பா சாப்பாட்டு மேசையில் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சம்பத் வாங்கிவந்தது. இடது கைக்காரர்களுக்கென்றே செய்ததாம், தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறார். மத்தியானம் மோட்டார் கம்பெனியிலிருந்து சாப்பிட வந்தவர் அதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கை கழுவினார். "போட்டுட்டியா?" இல்லீங்க என்றேன். "அந்த டச்பேடுப் பட்டையவே கட்டிப்புடிச்சுட்டு அழுவோணும்னு என்ன? இத ஒரட்டாங்கையில பழகிக்கிட்டாத் தீந்துது." நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஒரட்டாங்கை மவுசப் புடிச்சா கீபோர்ட யாருங்க புடிக்கறது? நீங்க லீவு போட்டுட்டு வர்றீங்களா?" என்றேன். சிரித்தார். "உன்றகிட்ட வேல பாக்கறதுக்கு நான் மோட்டாருக்குக் கம்பியே சுத்திக்கறேன் சாமி." சிரித்துவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணு போச்சுன்னா ஒண்ணு பழகிக்க வேண்டியதுதானே நாகு, இதுக்கெல்லாமா மனசக் கெடுத்துக்கறது" என்றார். நல்ல மனுஷர். அதுதான் சிக்கல், கெட்டவராக இருந்தால் டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பேன். கல்யாணத்தில் கைகோர்வைச் சடங்கை நடத்திவைத்த அருமைக்காரர் என் கையைப் பார்த்துத் தயங்கி, இடது கையையே குடும்மா என்று முணுமுணுத்தபோது, இவர்தான் குனிந்து என் வலது மணிக்கட்டைப் பிடித்தார், கேட்கவில்லை, பிடித்துக்கொண்டார். ஆனால் அந்தப் படம் என் ஆல்பத்தில் இல்லை. ஆல்பம் போட்டவன் எல்லாப் பக்கத்திலும் என்னை மார்போடு வெட்டியிருந்தான், வெட்ட முடியாத இடத்தில் பூங்கொத்து வைத்திருந்தான். எனக்கு நல்லது செய்வதாக நினைத்திருப்பான். ஒண்ணு போச்சுன்னா ஒண்ணு என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள். இவர்கள் யாருக்கும் போன ஒன்று எது என்று தெரியாது. எனக்கு விரல் போகவில்லை, இல்லாதது போகாது. இருக்கிற கை போகிறது, இதைத்தான் சொல்கிறேன். சொல்லவில்லை, ரசத்தைத்தான் ஊற்றினேன். அவர் வண்டி தெரு முனை திரும்பியபிறகு மேசையைத் துடைத்துவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தால் பெட்டி. போடலாம். போட்டுவிட்டு, ரெக்ஸின் குட்டி மூளை புதுப் பாடம் படித்துவிட்டு வந்து, நான் கை வைத்ததும் யாரோ கதவில் சாய்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பேசாமல் இருக்கும். தேய்ப்பேன். இருக்கும். தட்டுவேன். இருக்கும். அப்படியும் இல்லாமல் போகலாம், அந்த வரி சும்மா எழுதியதாக இருக்கலாம், கம்பெனிக்காரர்கள் எழுதுவதையெல்லாம் நம்பினால் முடி நரைக்காது. ஆனால் திரும்ப எடுக்க முடியாது என்றானே. போடாமல் இருக்கலாம். இருந்தால் அம்பு நின்று நின்று போகும், இன்றைக்கு இரண்டு தடவை, நாளைக்கு நாலு தடவை, ஒருநாள் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ஆல்பம் எல்லாம் பவித்ராவிடம் போகும். பவித்ரா கொலுசை ஒரே இழுப்பில் வெட்டுகிற பிள்ளை, அவள் செய்ததைப் பார்த்திருக்கிறேன், கெட்டிக்காரிதான், கொலுசில் மட்டும் பொறுமை கிடையாது. போடவும் பயம், போடாமலிருக்கவும் பயம், இரண்டு பயத்துக்கும் நடுவில் நான் முத்துகளைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயமே பிடிக்காது. பயந்தால் கோபம் வரும், கோபம் வந்தால் யோசனை தெளியும், எனக்கு அப்படித்தான். யோசித்துப் பார், நாகமணி. இந்தப் பட்டை உன் கையை ஏற்றுக்கொண்டது என்று இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டிருந்தாயே, அது ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்கு வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிந்திருந்தால் அன்றைக்கே தள்ளியிருக்கும். இப்போது தெரியப்போகிறது, தள்ளப்போகிறது. இது எனக்குச் சுருக்கென்று குத்துகிறது, ஏனென்றால் தாமோதரனும் அப்படித்தானே. அவருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. முந்தானையை இடுப்பில் செருகியவள் என்று மார்தட்டுகிறேன், ஆனால் ஃபோன் என்று ஒரு முந்தானை இத்தனை வருஷமாக நீளமாகத் தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதற்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நன்றாக வேலை செய்யும் அம்மணியாக இருந்தேன். பட்டையிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது, அதற்குக் காது கிடையாது. மனுஷனுக்கு இருக்கிறது. சொல்லிப் பார்க்கலாம், அவரும் தள்ளினால் தள்ளட்டும், தெரிந்து தள்ளட்டும். கொலுசை ஒரு தடவை சேமித்துவிட்டு ஃபோனை எடுக்கிறேன்.

மணி போகிறது. "சொல்லுங்க நாகமணி, அப்டேட் ஆயிருச்சுங்களா?" பின்னால் பிரிண்டர் ஓடும் சத்தம். இல்லீங்க சார், போடமாட்டேன் என்கிறேன். ஏன் என்று அவர் கேட்பதற்குள், நின்றால் தைரியம் போய்விடும் என்று, ஒரே மூச்சில் சொல்கிறேன். "எனக்கு வலது கையில விரல் இல்லீங்க. பொறந்ததுலருந்து இல்ல. உள்ளங்கையிலதான் டச்பேட நகத்தறேன். அத அப்டேட் பண்ணுனா உள்ளங்கை பட்டாக் கண்டுக்காதுன்னு போட்டிருக்கறாங்க." எங்கோ நடந்து போகிறார், கதவை மூடுகிறார், சத்தம் குறைகிறது. "இத்தன வருசமாச் செஞ்ச ஆல்பமெல்லாம்?" "அந்தக் கையிலதானுங்க." "அந்தக் கெணத்துக்கடவுக் கல்யாணம்? அந்தக் கூந்தலு?" "அதுவுந்தாங்க." எனக்கு ஒரு நிமிஷம் நல்லதாகப் படுகிறது, ஏதோ ஒன்று சரியாகிவிட்டது போல. பிறகு அவர் குரல் வருகிறது, காலையில் இருந்த கனம் இல்லை, மெத்தென்று வருகிறது, ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் பேசும் குரல். "சாமி, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லங்க அம்மணி. நாம்பாட்டுக்கு அவசரம் அவசரம்னு உங்க உசுர வாங்கிட்டு இருந்திருக்கறேன். நீங்க சிரமப்பட வேண்டாம். இந்த ஆல்பத்தப் பவித்ரா முடிச்சுக்கட்டும். உங்களுக்கு இனிமேட்டுக்குச் சின்னச் சின்னதா, லேசா, காதுகுத்து அந்த மாதிரி பாத்து அனுப்பறேன். ஒண்ணும் அவசரமில்லீங்க."

ஆக, இதுதான். கோபமாக இருந்தபோதும் பவித்ரா, இரக்கம் வந்தபோதும் பவித்ரா. பட்டை செய்யப்போகிற மாதிரியே தெரிந்துகொண்டார், தள்ளிவிட்டார், அதுவும் வலிக்காமல். நல்ல மனுஷர்தான் இவரும், என்னைச் சுற்றி நல்ல மனுஷர்களுக்குப் பஞ்சமே இல்லை, ஆளுக்கொரு பூங்கொத்தோடு நிற்கிறார்கள். அழுகிறேன் என்று அவர் நினைத்துவிடக்கூடாதே என்று ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசுகிறேன். "சார், சிரமப்படறேன்னு நான் சொல்லலீங்க. இந்தக் கையிலதான் செய்யறேன்னு சொன்னேன். காலையில அவசரம்னீங்க, அந்த அவசரம் அப்படியேதான இருக்குது? சாயங்காலம் ஆல்பம் வந்துரும். அம்பு நின்னா நான் அணச்சுட்டுப் போட்டுக்கறேன், அது என்ற பாடு. லேட்டாச்சுன்னா காலையில மாதிரியே திட்டுங்க. ஆல்பத்துல கொற இருந்தா பவித்ராகிட்டக் குடுங்க. கையில கொறன்னு குடுக்காதீங்க." அவர் கதவைத் திறக்கிறார், பிரிண்டர் சத்தம் திரும்பி வருகிறது. "மணி அஞ்சுக்கு அவிய வந்துருவாங்க" என்கிறார், மெத்தென்று இல்லாமல், தாமோதரன் குரலில். வந்துரும்ங்க என்று வைத்துவிடுகிறேன். கை வேர்த்திருக்கிறது, ஈரமிருந்தால் அம்பு வழுக்கும், புடவையில் துடைத்துக்கொண்டு பட்டையின் மேல் வைக்கிறேன். பெட்டி இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறது. வேண்டாம் என்பதற்கு மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தி உள்ளங்கையால் தட்டுகிறேன். போய்விடுகிறது. இடது கால் கொலுசு முடிந்தது, வலது காலில் இன்னும் பாதி இருக்கிறது.